அத்தையின் மஞ்சளைச் சோதித்த கதை

கண்ணுகளா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் மஞ்சள் தாள் செய்துகொண்டிருந்தபோது நான் பாதியில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். "அப்பாவுக்கு போர் அடிச்சிருச்சு" என்று சின்னவன் சொன்னது காதில் விழுந்தது. போர் அடிக்கவில்லை. ஏன் எழுந்து போனேன் என்பதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று தெரியும். ஆகட்டும். இது வேகமாகப் படித்து முடிக்கிற விஷயமும் இல்லை.

முதலில் நீங்கள் செய்ததை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கொடுத்த தாளில் போட்டிருந்தபடி ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்தீர்கள். வெள்ளைத் தாளை அதில் நனைத்து ஃபேனுக்குக் கீழே காயவைத்தீர்கள். சோப்புத் தண்ணீரில் குச்சியைத் தொட்டு எழுதியதும் மஞ்சள் தாளில் சிவப்பாக எழுத்து வந்தது. பெரியவள் தன் பெயரை எழுதினாள். சின்னவன் மீசை வைத்த பூனை ஒன்றை வரைந்து, அது நான்தான் என்றான். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

அதே சிவப்பை நான் ஒன்பது வயதில் பார்த்தேன். என்னால் வந்த சிவப்பு அது.

அப்போது நாங்கள் புனேயை ஒட்டிய இதே போசரியில்தான் இருந்தோம், இப்போது நாம் இருக்கும் இடத்திலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி. வரிசையாக அறைகளும் முன்னால் பொது நடையும் உள்ள பழைய இரண்டு மாடிக் கட்டடம். சாள் என்பார்கள். குடியிருந்தவர்கள் எல்லோரும் பட்டறை ஆட்கள்தான். மராத்திக்காரர்கள் நடுவில் தமிழ் வீடு இரண்டே இரண்டு. ஒன்று எங்களுடையது, அடுத்தது அத்தையுடையது. அத்தை உங்கள் தாத்தாவுக்கு அக்கா. தாத்தாவும் அத்தை வீட்டு மாமாவும் பட்டறையில் லேத் ஓட்டினார்கள். அத்தை மஞ்சள் விற்றார்.

ஈரோட்டுப் பக்கமிருந்து சொந்தக்காரர் ஒருவர் வருஷத்துக்கு இரண்டு மூட்டை மஞ்சள் லாரியில் ஏற்றி அனுப்புவார். அத்தை அதை மொட்டை மாடியில் காயப்போட்டு, தெருமுனை மாவு மில்லில் கொடுத்து அரைத்து, மெல்லிய துணியில் சலிப்பார். சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் போட்டு, வாயை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டுவார். அவர் கை இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் எப்போதும் மஞ்சளாகவே இருக்கும். அந்தக் கையால் என் கன்னத்தைக் கிள்ளினால் பள்ளிக்கூடம் போகும்வரை அடையாளம் போகாது.

அத்தைக்குத் தமிழில் வாய் அதிகம். மராத்தியில் கிடையாது. எண்கள் தெரியும். ஆமாம், இல்லை, நல்லது தெரியும். அதற்கு மேல் ஒரு பேச்சு என்றால் நடையில் நின்று என்னைக் கூப்பிடுவார். இரண்டு பாஷைக்கும் நடுவில் நான்தான். அவர் தமிழில் சொன்னதை நான் மராத்தியில் சொல்வேன், அவர்கள் மராத்தியில் சொன்னதைத் தமிழில் சொல்வேன். அத்தைக்குப் பேச வராத மராத்தி அவர் காதுக்குள்ளும் போகாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "ஏ ரேடியோ!" என்பார். காரணம் உண்டு. தாத்தா பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தூளைக் காந்தத்தால் ஆடவைக்கலாம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். காந்தத்துக்கு எங்கே போவது? ரேடியோவின் ஸ்பீக்கருக்குள் ஒன்று இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை, அத்தை வீட்டில் இருந்தது. அவ்வளவுதான். இரும்புத் தூள் நன்றாகவே ஆடியது. ரேடியோ அதற்குப் பிறகு பாடவில்லை.

அத்தை என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அதற்குப் பதில் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். தண்ணீர்க் குழாயடியில், மாவு மில்லில், ரேஷன் வரிசையில். மராத்திக்காரர்களுக்குச் சொல்லும்போது மொழிபெயர்ப்பதும் நான்தான். தன் மானக்கேட்டைத் தானே இன்னொரு பாஷையில் சொன்னவன் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான். மாடிக் கடைசி வீட்டுக் காக்கூவின் இரண்டு பெண்களும்கூட என்னை "ரேடியோ" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். காக்கூ என்றால் மராத்தியில் சித்தி முறை. எல்லாப் பிள்ளைகளும் அந்த வீட்டு அம்மாவை அப்படித்தான் அழைப்போம். ஒன்பது வயதில் மனிதனுக்கு இருக்கிற ரோஷம் பிற்பாடு இருப்பதில்லை. நான் ஒருநாள் காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

காக்கூவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மராத்திக் கல்யாணத்தில் முதல்நாள் பெண்ணுக்கு மஞ்சள் பூசுவது பெரிய சடங்கு. சொந்தம், அக்கம்பக்கம் என்று சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து பூசுவார்கள். ஒரு காலையில் காக்கூ கீழே இறங்கி வந்து அத்தை வீட்டு வாசலில் நின்றார். பெண்ணுக்குப் பூசுகிற மஞ்சள் உங்கள் கையால் வந்ததாக இருக்கவேண்டும், கடை மஞ்சள் வேண்டாம் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு வேணும்னு கேளுடா" என்றார். உடனே, "வேண்டாம், கேக்காத. அளவெல்லாம் நானே பாத்துக்கறேன், கவலப்பட வேண்டாம்னு சொல்லு. நல்லாச் சொல்லோணும்" என்றார்.

அந்தக் கட்டடத்துக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் எங்களை யாரும் ஒரு நல்ல காரியத்துக்குப் பொருள் கொடுங்கள் என்று கேட்டதில்லை. "மதராஸி" என்று கூப்பிடுவார்கள், அன்பாகத்தான். ஆனாலும் மதராஸிதான். இது வேறு. அத்தை மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, ஒரே கனமான உருண்டைக் கிழங்காகப் பொறுக்கினார். மில்காரரிடம் சண்டை போட்டு இயந்திரத்தைத் துடைக்கவைத்து அரைத்தார். இரண்டு தடவை சலித்தார். புதுத் துணி ஒன்றில் கொட்டி மூட்டையாகக் கட்டி நாலு மூலைக்கும் குங்குமம் வைத்தார். அந்த வாரம் முழுக்க அவர் என்னை ரேடியோ என்று கூப்பிடக்கூட மறந்துபோனார்.

அதே வாரம் பள்ளியில் கலப்படப் பாடம். டீச்சர் கண்ணாடித் தட்டில் கடையில் வாங்கிய மஞ்சளை வைத்து, ஒரு சின்ன பாட்டிலிலிருந்து ஆசிட் சொட்டுவிட்டார். மஞ்சள் சிவந்தது. "பார்த்தீர்களா, இதில் சாயம் கலந்திருக்கிறார்கள்" என்றார். வகுப்பே ஆ என்றது. ஆசிட் கையைச் சுட்டுவிடும், வீட்டில் யாரும் செய்யக்கூடாது என்றும் சொன்னார். மூன்று விஷயம் சொன்னார். என் காதில் இரண்டுதான் ஏறின. சிவந்தால் கலப்படம், அந்தத் தண்ணீர் கையைச் சுடும். மூன்றாவது எந்தப் பக்கமாகப் போனது என்று தெரியவில்லை.

கையைச் சுடுகிற தண்ணீர் எங்கள் வீட்டிலும் இருந்தது. துணி ஊறவைக்கிற வாஷிங் சோடா. "தொடாத, கைய அரிச்சுப்போடும்" என்று அம்மா எப்போதும் சொல்வார். அதுவும் கையைச் சுடும், இதுவும் கையைச் சுடும். ஆகையால் அதுதான் இது. என் விஞ்ஞானம் அவ்வளவுதான். ஆசிட்டும் சோடாவும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் சோடாவைத் தொட்டால் உடனே கையைக் கழுவுங்கள். இரண்டையும் ஒன்று என்று நினைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காக்கூ வீட்டில் பெண்கள் கூடிக் கல்யாணத்துக்கு அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை நல்ல சேலை கட்டி, மஞ்சள் மூட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடி ஏறினார். நான் பின்னாலேயே போனேன். மொழிபெயர்க்கத்தான் வருகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். என் டிராயர் பையில் பழைய மருந்து பாட்டில் நிறையச் சோடாத் தண்ணீர் இருந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும். அத்தையின் மஞ்சளில் கலப்படம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் சோடாவை விடுவேன், சிவக்காது, மஞ்சள் சுத்தம் என்று அறிவிப்பேன், எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் போட்டிருந்த கணக்கு அதுதான்.

"ரேடியோ வந்துட்டான்" என்று காக்கூவின் சின்ன மகள் மராத்தியில் கத்தினாள். நான் பாட்டிலை எடுத்து, ஒரு சோதனை காட்டப்போகிறேன் என்றேன். அத்தைக்கும் தமிழில் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என்ற மருமகன் சயின்டிஸ்ட்டுன்னு சொல்லுடா அவியகிட்ட. இந்தத் தடவ எதக் கொல்லப்போறான்னு பாக்கலாம்."

சொல்லிக்கொண்டே, குங்குமம் வைத்துக் கட்டிய அந்த முடிச்சைத் தானே அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு என் முன்னால் நகர்த்திவைத்தார்.

நான் பாட்டிலைச் சாய்த்தேன். மஞ்சள் சிவந்தது. சும்மா சிவக்கவில்லை, அடிபட்ட முழங்கால் மாதிரிச் சிவந்தது.

அப்பளம் இட்ட கைகள் நின்றன. நான் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது காக்கூவின் சின்ன மகள், "ஏ ரேடியோ, சிவந்தா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்தில் முதல்முறையாக நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். "சிவந்தால் சாயம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். டீச்சர் செய்து காட்டினார்" என்று மராத்தியில் சொன்னேன்.

காக்கூவின் நாத்தனார் மும்பையிலிருந்து வந்திருந்தார். "நான் அப்போதே சொன்னேனே, கடையில் வாங்கலாம் என்று" என்றார். இன்னொரு அம்மா, சேலையில் மஞ்சள் பட்ட இடம்கூடச் சோப்பு போட்டால் சிவக்கத்தானே செய்கிறது என்று மெல்ல இழுத்தார். "பையன் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்கிறான்" என்று நாத்தனார் அவரை அடக்கிவிட்டார்.

"என்னடா சொன்ன?" என்று அத்தை கேட்டார். தமிழில் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

"அட கூறுகெட்டவனே! மஞ்சள் சோடாப் பட்டா செவக்காம பின்ன கறுக்குமா? ஆரத்தி எப்படிக் கரைக்கறோம்? மஞ்சளும் சுண்ணாம்பும்தான? அது எப்படிச் செவக்குது? எல்லா மஞ்சளும் செவக்கும்டா. இவிய வீட்டுல கடை மஞ்சள் இருந்தா அதையும் ஒரு கிண்ணத்துல போட்டு ஊத்திப் பாக்கச் சொல்லு. சொல்லு சாமி."

கண்ணுகளா, அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. முழுசாக இல்லை, ஆனால் தெரிந்தது. எங்கள் வீட்டு விசேஷங்களில் தட்டில் சுற்றுகிற அந்தச் சிவப்புத் தண்ணீரை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் கொடுத்ததே நான்தான். மராத்திக்காரர்கள் ஆரத்திக்கு விளக்குத் தட்டுதான் சுற்றுவார்கள், இந்தச் சிவப்புத் தண்ணீரை அவர்கள் பார்த்ததில்லை. அவர்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தால் அதுவும் சிவந்துவிடுமோ என்று பயந்தேன். சிவந்தால் நான் மறுபடியும் ரேடியோ.

"என்ன சொல்கிறாள் உன் அத்தை?" என்று காக்கூ கேட்டார்.

"தீ மண்தே, திலா மாஹீத் நாஹீ" என்றேன். எப்படிச் சிவந்தது என்று அவளுக்குத் தெரியாதாம்.

காக்கூ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு மூட்டையின் முனைகளைச் சேர்த்துப் பிடித்து, அத்தையின் மடிப்பக்கம் மெதுவாக நகர்த்திவைத்தார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அத்தை என்னைப் பார்த்தார். கோபமாக இருக்கும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். "செரி" என்று ஒரே ஒரு வார்த்தை. மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்குப் பொரித்த அப்பளம் கிடைத்தது. காக்கூவின் பெண்கள் என்னை சயின்டிஸ்ட் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன், யாருடைய மஞ்சள் என்பதை மட்டும் விட்டுவிட்டு. எதை ஊற்றினாய் என்று கேட்டார். சோடா என்றதும் சிரித்துவிட்டார். மறுநாள் எல்லோரையும் வீட்டிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள் கொண்டுவரச் சொன்னார். மேசைமேல் வரிசையாகக் கிண்ணங்கள். கடை மஞ்சள், வீட்டில் அரைத்த மஞ்சள், டீச்சர் வீட்டு மஞ்சள். சோடாத் தண்ணீர் பட்டதும் ஒன்றுவிடாமல் எல்லாம் சிவந்தன. இது மஞ்சளின் குணம், கலப்படம் இல்லை, ஒரு கிண்ணத்தை மட்டும் பார்த்துவிட்டு எதையும் சொல்லக்கூடாது என்றார். என் தவறால் வகுப்புக்கே ஒரு பாடம் கிடைத்தது என்று சொல்லி என்னை எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னார். நின்றேன். கைதட்டினார்கள்.

அன்று புதன்கிழமை. பெண்ணுக்கு மஞ்சள் பூசுவது சனிக்கிழமை. நடுவில் முழுசாக இரண்டு நாள் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மாடி ஏறிப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். காக்கூ கதவைத் திறந்து, "வா சயின்டிஸ்ட்" என்று கையில் ஒரு கடலைமாவு லட்டைக் கொடுத்தார். வாயைத் திறந்தால் சொல்லவேண்டும். வாயில் லட்டு இருந்தது. தின்று முடித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

அம்மாவுக்கு விஷயம் வேறு வழியாகத் தெரிந்தது. தெரிந்த அரைகுறை மராத்தியில் காக்கூவிடம் போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பினார். "மஞ்சளுக்கு வக்கீல் வெக்கறதா? போ புள்ள, போயி அடுப்பப் பாரு. பையன் படிச்சதச் சொன்னான், உடு" என்று அத்தை தடுத்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

சனிக்கிழமை அத்தையையும் அழைத்திருந்தார்கள். அவர் போனார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனார். நடையில் பிள்ளைகளோடு நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தையின் முறை வந்தபோது, தட்டிலிருந்த கடை மஞ்சளை எடுத்து விரலுக்கிடையில் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். அந்த மஞ்சளைப் பற்றி அவருக்கு என்னவோ தெரிந்திருக்கும். பெண்ணின் இரண்டு கன்னத்திலும் பூசி, தமிழில் வாழ்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு மஞ்சள் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். யாரும் குற்றம் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிறது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்பார்கள். அதையும் நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அடுத்த வருஷம் ஈரோட்டிலிருந்து மூட்டை வரவில்லை. வேண்டாம் என்று அத்தை தாத்தாவிடம் சொல்லி எழுதிப்போட்டிருந்தார். போல்ட் நட்டு செய்கிற ஒரு பட்டறையில் வாஷர் பிரிக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தார். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. மஞ்சளாக இருந்த கைகள் எண்ணெய் பட்டுக் கறுத்தன.

அவர் என்மேல் கோபப்பட்டதில்லை. பண்டிகைக்குப் பலகாரம் கொடுப்பார், பரீட்சைக்குப் போகும்போது நெற்றியில் திருநீறு வைப்பார். ஒன்றுதான் மாறியது. ரேடியோ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கேட்ட மரியாதை கிடைத்துவிட்டது. பள்ளிவிட்டு வரும்போது நடையில் கொஞ்சம் மெதுவாக நடப்பேன், பழைய பெயரில் ஒருதடவை கூப்பிடமாட்டாரா என்று.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இன்றுவரை பட்டறையில் அளவு பார்க்கிற வேலைதான் செய்கிறேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் முதல் சாமானை அளப்பதற்கு முன்னால், அளவு சரியென்று ஏற்கெனவே தெரிந்த மாஸ்டர் பீஸ் ஒன்றை அளந்து பார்க்கவேண்டும். அது சரியாகக் காட்டினால்தான் கருவி சரி. அதற்குப் பிறகுதான் அடுத்தவன் செய்த சாமானைத் தப்பு என்று ஒதுக்கலாம். புதிதாக வருகிற பையன்கள் இதற்குச் சோம்பல்படுவார்கள். நான் விடமாட்டேன். அவர்களுக்கு என்மேல் எரிச்சல். இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அத்தை அன்றைக்கே இதைத்தான் கேட்டார், இன்னொரு கிண்ணம் வை என்று.

என் கல்யாணம் ஊரில் நடந்தது. அதற்குள் அத்தையும் மாமாவும் ஊரோடு போய்விட்டிருந்தார்கள். ஆரத்தி கரைக்க அத்தைதான் உட்கார்ந்தார். தட்டில் தண்ணீர் விட்டு மஞ்சளைப் போட்டு, விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்துக் கலக்கினார். தண்ணீர் சிவந்தது. மாலையும் கழுத்துமாக நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். புனேயிலிருந்து வந்திருந்த உங்கள் பெரியத்தையின் மகள், அப்போது அவளுக்கு ஐந்து வயதிருக்கும், தட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்படி ரெட் ஆச்சு?" என்று கேட்டாள்.

அத்தை நிமிர்ந்தார். அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கண் சிரித்தது.

"தீ மண்தே, திலா மாஹீத் நாஹீ" என்றார்.

கொங்கு ராகம் போட்ட மராத்தி. ஆனால் ஒரு வார்த்தை பிசகவில்லை. அன்றைக்கு நான் சொன்னது அப்படியே.

"யாருக்குத் தெரியாது?" என்று குழந்தை கேட்டாள்.

"அத உன்ற மாமனக் கேளு" என்றார் அத்தை. தட்டைத் தூக்கிச் சுற்றினார். சுற்றி முடித்து விரலைத் தொட்டு என் நெற்றியில் பொட்டு வைத்து, "நல்லா இரு, ரேடியோ" என்றார்.

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. வெட்கப்படுகிறான் மாப்பிள்ளை என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். உண்மைதான், வெட்கம்தான். போட்டோக்காரர் கூப்பிட்டார். பந்தியில் கூப்பிட்டார்கள். அத்தை காலில் விழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், அடுத்தமுறை ஊருக்கு வரும்போது சொல்லலாம் என்று விட்டேன். பெரியவள் பிறப்பதற்கு ஒரு மாசம் முன்னால் அத்தை போய்விட்டார். அந்தச் சாளையும் இடித்துவிட்டார்கள். காக்கூ குடும்பம் எங்கே போனது என்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

ஒன்பது வயதில் எனக்குப் புரியாதது சோடாவும் ஆசிட்டும் இல்லை. அது புதன்கிழமையே புரிந்துவிட்டது. வருஷக்கணக்காக அந்தப் பெண்களுக்கு மஞ்சள் விற்றவருக்கு அவர்கள் பேச்சு காதில் ஏறாமலா இருந்திருக்கும்? நான் மாற்றிச் சொன்னது அத்தைக்கு அப்போதே புரிந்திருக்கிறது. மராத்தியில் பொய்க்கு ஒரு சின்ன வார்த்தைதான். கடைத்தெருவில் யாவாரம் செய்கிற யாருக்கும் அது தெரியும். அத்தனை பேர் நடுவில் என்னைக் காட்டி அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருந்தால் போதும், மூட்டை அவர் மடிக்குத் திரும்பி வந்திருக்காது. அவர் "செரி" என்றார். தோற்றுப்போய்ச் சொன்ன செரி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா உங்களைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு வீட்டில் நான் மட்டும் இருந்தேன். நீங்கள் மேசையில் விட்டுப்போன மஞ்சளில் ஒரு சிட்டிகையை ஒரு கிண்ணத்தில் போட்டேன். சமையலறை டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகையை இன்னொரு கிண்ணத்தில் போட்டேன். இரண்டிலும் சோப்புத் தண்ணீர் விட்டேன். இரண்டும் சிவந்தன. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு அந்த இரண்டு கிண்ணத்துக்கும் முன்னால் நின்று, அத்தை சொல்லச் சொன்னதை, ஆரத்தியும் சுண்ணாம்பும் எல்லா மஞ்சளும் சிவக்கும் என்பதும் ஒன்றுவிடாமல், முதலிலிருந்து கடைசி வரைக்கும் மராத்தியில் சத்தமாகச் சொன்னேன்.